முன்வாசலில் அடுக்கிய செங்கல்

வேப்பமரத்தை அறுத்தால் தூள் மூக்குக்கு வருவதற்கு முன் தொண்டைக்கு வந்துவிடும். இன்று பாப்பாரப்பட்டியில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தேன். மாஸ்க் போட்டிருந்தும் நாக்கில் கசப்பு ஏறிவிட்டது. தண்ணீர் குடித்தேன், டீ குடித்தேன், போகவில்லை. மெஷினை அணைத்துவிட்டு அப்படியே தூளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உன் வீட்டு வேலைக்குப் பிறகு வேம்பையே தொடக்கூடாது என்று நினைத்திருந்தேன். நம் பக்கத்தில் வேம்பு இல்லாமல் யார் வீடு கட்டுகிறார்கள்?

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, உனக்கே தெரியும். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மனைவியும் பாப்பாவும் ஏரியூரில் நீ பாதியில் விட்டுப்போன அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். அது சும்மா நடந்துவிடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் மெக்கானிக்கல், நீ சிவில். பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் ஷிப்ட் பார்த்துச் சலித்துப்போய், ஊருக்கே திரும்பிக் கதவு ஜன்னல் வேலை எடுப்போம் என்று கிளம்பிய இரண்டு பேர். மரம் அறுக்கும் அந்த ஸ்லைடிங் மைட்டர் சா மெஷின் வந்த அன்று பெட்டியைப் பிரித்ததும் நான் மேனுவலை எடுத்தேன், நீ கட்டையை எடுத்தாய். கைப்பிடியை இழுத்தால் பிளேடோடு தலை முழுவதும் இரண்டு குழாய்களின் மேல் சறுக்கி முன்னால் வரும். சுவிட்சை அழுத்தி, இறக்கி, பின்னால் தள்ள வேண்டும். ஓரடிப் பலகை ஒரே தள்ளில் துண்டாகும். மேஜை இரண்டு பக்கமும் திரும்பும், தலையும் சாயும். ஜன்னலின் அடிச்சட்டம் மழைத்தண்ணீர் வெளியே வடிய ஏதுவாகச் சாய்ந்திருக்க வேண்டும் இல்லையா, அதன் முனையைக் கையால் வெட்டினால் அரை நாள் போகும். இதில் ஒரு வெட்டு.

நீ அதையெல்லாம் கேட்கவில்லை. பலகையில் பிளேடை இறக்கி உன் பக்கமாக இழுத்தாய். அது மரத்தின் மேல் ஏறித் துள்ளியது.

"மச்சான், என் மேல பாயுதுடா!"

"இழுத்தா பாயாம? தள்ளணும்டா. மாடாடா நீ?"

"மாடுன்னா இழுக்கத்தான்டா செய்யும்."

எனக்குக் கோபம். உனக்குச் சிரிப்பு. எல்லா வேலையிலும் நமக்குள் இந்த ஏற்பாடுதான்.

அந்த வருஷத்து ஆயுத பூஜையை மறந்திருக்க மாட்டாய். மெஷினைத் துடைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, எல்லாம் முறையாகச் செய்தாய். அடுத்து வேலைக்கு எடுத்தபோது லேசர் வரவில்லை. வெட்டு எங்கே விழும் என்று மரத்தின் மேல் காட்டும் சிவப்புக் கோடு, அது இல்லை. நான் சுவிட்சைக் கழற்றினேன். வயரை மீட்டரில் பார்த்தேன். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, "புது மெஷினுங்க, இப்பவே இப்படின்னா எப்படிங்க?" என்று கத்திக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்த உன் மனைவி குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, உங்க மச்சான் அதுக்குக் கண்ணுலயே பொட்டு வெச்சிருக்காருங்க. எப்படிங்க தெரியும் அதுக்கு?"

லேசர் வரும் ஓட்டையில் சந்தனம் காய்ந்து கிடந்தது. உன்னை மச்சான் என்று கூப்பிடுவதால் அவள் எனக்குத் தங்கச்சி. அன்றிலிருந்து அவளிடம் வாயைக் கொடுக்கும் முன் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

பென்னாகரம் ரோடு, பின்விளக்கு இல்லாத டிராக்டர். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நீ போகும்போது வீட்டுக்குச் சுவரும் கூரையும் இருந்தன. கதவு ஜன்னல் எதுவும் இல்லை. எல்லாம் வெறும் ஓட்டைகள். தங்கச்சியும் பாப்பாவும் உன் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தார்கள். காரியம் முடிந்து நான் போனபோது உன் அண்ணன் என்னை உட்காரச் சொன்னார்.

"வருஷம் திரும்பட்டும்பா. துக்கம் நடந்த எடத்துல வாசக்கால் வெக்கக் கூடாது. அதுவரைக்கும் அந்த வூட்டுல கடலைக்கா மூட்டை போட்டுக்கறேன். அந்தப் புள்ள அவங்கம்மா வூட்டுல இருக்கட்டும்."

"கதவு போட்டுட்டா அவங்களே இருந்துக்குவாங்களேங்க."

"வாசக்கால் வெக்காம எங்கப்பா கதவு போடுவ? நேரம் பாக்கணும், நவதானியம் போடணும், மஞ்சள் பூசணும். யாரு பூசறது? அந்தப் புள்ளயா பூசும்?"

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மூட்டை ஏறிய வீடு காலியாகாது, அம்மா வீட்டுக்குப் போனவளைத் திரும்ப வா என்று யாரும் கூப்பிடப்போவதில்லை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கதவோரம் நின்றிருந்த அவளுக்கும் தெரியும். நான் சண்டை போட்டேன். "செத்துப்போனவன் கட்டின வூட்டுல அவன் பொண்டாட்டி இருக்கறதுக்கு நாள் நட்சத்திரம் எதுக்குங்க?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். என் வாயால் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

பைக்கை எடுக்கும்போது தங்கச்சி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, வாசக்காலுக்குத்தானுங்க நேரம் பாக்கணும்? ஜன்னலுக்கும் பின்வாசலுக்கும் யாருங்க பூசை போடறாங்க?"

"முன்வாசல்?"

"செங்கல்லு அடுக்கிருங்க. சிமெண்டு வேணாம், மண்ணு வெச்சாப் போதும். வருஷம் திரும்பினா பிரிச்சுக்கலாம்."

முன்பக்கம் வழியே இல்லாத வீடு. எந்த டிராயிங்கிலும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"ஆனா சீக்கிரமுங்கண்ணா," என்றாள். "கடலைக்கா பறிக்கறதுக்குள்ள."

அப்படித்தான் ஆரம்பித்தது. பகலில் கூலிக்கு எடுத்த வேலை, அது முடிந்ததும் ஏரியூர். வத்தல்மலையில் ஒரு ஷெட் வேலை அப்போது பாதியில் நின்றது, அவர்கள் போன் போட்டாலும் நான் எடுக்கவில்லை. மரம் உன் காட்டு வேம்புதான். அவசரத்துக்கு அறுத்தது, சரியாகக் காயவில்லை. பலகை ஒவ்வொன்றும் வில் மாதிரி வளைந்திருந்தது. வளைந்த பலகையை மெஷினில் வைக்கும்போது அதன் முதுகு பின்தடுப்பை ஒட்டியிருக்க வேண்டும். மாற்றி வைத்தால் வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விவிடும். இது எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒருநாள் களைப்பில் மாற்றி வைத்துவிட்டேன். பிளேடு சிக்கி, கட்டை உதறி, மணிக்கட்டு வீங்கிவிட்டது. மறுநாளும் போனேன். நீளப் பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அடியில் செங்கல்லை முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் உயரம் சரிபார்த்து, நிமிர்ந்து, குனிந்து, இடுப்பு விட்டுப்போனது. சுற்றியுள்ள கிணற்று மோட்டாரெல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். பிளேடு முனகும், வேகம் எடுக்காது. அந்த வேகத்தில் இறக்கினால் மரம் பிய்யும். காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருப்பது எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். வரப்பில் உட்கார்ந்து, அடுத்தவன் மோட்டாரைத் திட்டிக்கொண்டு, உன்னையும் சேர்த்துத் திட்டினேன்.

பின்வாசல் நிலையை நிறுத்தியபோது உன் அண்ணன் வந்தார்.

"என்னப்பா இது?"

"பின்கதவுங்க."

"அப்ப முன்னாடி?"

"முன்னாடி நான் கையே வெக்கலீங்க. நீங்க சொன்ன மாதிரி வருஷம் திரும்பட்டும்."

அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குறை சொல்ல இடம் தேடினார் என்று நினைக்கிறேன். தங்கச்சி கதவுப் பலகைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்.

"கதவு உள்பக்கம் தெறக்கற மாதிரி வை. வெளிய தெறந்தா காத்துக்கு அடிச்சுக்கும்."

"சரிங்க."

அவ்வளவுதான். கடலைக்கா மூட்டை அந்த அறுவடையில் அவர் வீட்டு நடையிலேயே அடுக்கப்பட்டது.

கடைசியாக முன்வாசலில் செங்கல் அடுக்கினேன். கீழே அளவாக அடங்கிய செங்கல் மேலே போகப் போக இடைவெளி விட்டது. எனக்குச் சந்தேகம் வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இடது பக்கச் சுவர் ஒரு டிகிரி வெளியே சாய்ந்திருந்தது. ஏழடி உயரத்தில் ஒன்றரை இன்ச். கொத்தனார் வராத நாளில், "நானே எழுப்பறேன்டா, என்ன பெரிய வித்தை?" என்று நீ எழுப்பிய சுவர். சிவில் படித்தவன் கட்டிய சுவர்! திட்டுவதற்கு நீ இல்லை. நான் அந்தச் சந்தில் மண்ணை அப்பிவிட்டு இறங்கினேன்.

பால் காய்ச்சவில்லை, யாரையும் அழைக்கவில்லை. தங்கச்சி அடுப்பும் ஒரு மூட்டைத் துணியும் எடுத்துக்கொண்டு, பாப்பாவை முன்னால் விட்டு, பின்வாசல் வழியாக உள்ளே போனாள். நான் வெளியே வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள். புதுத் தாழ்ப்பாள், கொஞ்சம் இறுக்கம், இரண்டு தட்டுத் தட்டித்தான் விழுந்தது. உள்ளேயிருந்து, "அண்ணா, நல்லாப் பூட்டுதுங்க!" என்று குரல் வந்தது. அழுகிற குரலா என்று எனக்குத் தெரியவில்லை. "எண்ணெய் விடும்மா, சரியாயிடும்," என்றேன்.

வருஷம் திரும்பப் போகிறது. வாசக்காலுக்கு நாள் பார்த்துவிட்டதாக உன் அண்ணனே போன் செய்தார். "மஞ்சள் யாருங்க பூசறது?" என்று கேட்டேன். "அவ வூடு, அவ பூசட்டும்பா," என்றார்.

வாசக்காலை நான் கோணலாக வைக்கப்போவதில்லை, உனக்காகக்கூட. கோணல் நிலையில் கதவு நிற்காது, தானாகத் திறந்துகொள்ளும். ஆனால் சுவரை இடித்துப் பூசச் சொல்லவும் மனம் வரவில்லை. நிலைக்கு வெளியே சுவரை ஒட்டிப் போகும் பட்டையை உன் சாய்வுக்கே வெட்டப் போகிறேன். மூலை ஒரு டிகிரி பிசகியிருக்கிறது, ஆகவே மெஷினில் ஒவ்வொரு முனைக்கும் அரை டிகிரி கூட்டி நாற்பத்தைந்தரை. மெஷினில் நாற்பத்தைந்துக்கு ஒரு பள்ளம் உண்டு. அரை டிகிரி தள்ளி நிறுத்தினால் மேஜை நழுவி அதிலேயே போய் விழும். ஒரு கையால் விடாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் திருகாணியை இறுக்க வேண்டும். எல்லா அளவையும் எழுதி வைக்கிற ஆள் நான், இதை மட்டும் இந்த மடலைத் தவிர எங்கும் எழுதவில்லை. நாற்பத்தைந்தரை. வண்டி ஓட்டும்போதும், சாப்பிடும்போதும், தூங்கப் போகும்போதும் அது என்னோடு வருகிறது.