கழற்றிப் போட்ட மூடி

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முட்டுவலி தேவலையா? நான் சுகம். அட்டை வெட்டும் மெஷின் விரலை லேசாகக் கீறியது, அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

ஆனால் வயிறு எரிகிறது. வேலை சீக்கிரம் முடியட்டுமென்று, கை படாமல் காக்கும் அந்த மெஷின் கத்தியின் இரும்பு மூடியைக் கழற்றிப் போட்டவரே எங்கள் சூப்பர்வைசர்தான். ஞாயிறு ஜெபக்கூட்டத்தில், "நான் பாவி, கர்த்தர் என்னை மன்னிச்சுட்டாரு" என்று தேம்பித் தேம்பி அழுதார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.

மறுநாள் கேட்டேன்: "அப்ப மூடியை மாட்டிடலாமா சார்?"

"அது வேற, இது வேற. போய் வேலையைப் பாருடா!"

அழுதுவிட்டால் மனந்திரும்பியாயிற்றா அம்மா? கழற்றிய கை மாட்ட வேண்டாமா?

என் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். ஷிப்ட் மணி அடித்துவிட்டது. வரும் ஞாயிறும் ஜெபக்கூட்டத்தில் அவர் சாட்சி சொல்லப்போகிறாராம். நானும் போவேன், அந்த மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

உங்கள் மகன்