அரைவேக்காட்டுக் காளை

மே 6, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். கப்பலூர் பஸ்ஸில் நின்றபடியே பயணம். கம்பெனியில் வண்டிக்குப் போகிற ரப்பர் புஷ் ஒரு பெட்டி முழுக்க ரிஜெக்ட். ஓரமெல்லாம் பிசிறு.

பக்கத்து மேசை முருகேசன் போனில் ஒரு கேம் காட்டினான். ஜல்லிக்கட்டு. இன்னும் செய்து முடிக்கவில்லையாம். முன்னாடியே காசு கட்டினால் நாம் ஆடிப் பார்த்துக் குறை சொல்லலாமாம். பிசிறு பார்க்கக் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. இவர்களுக்கு நான் காசு கொடுத்துப் பிசிறு பார்க்க வேண்டும். வெட்கங்கெட்ட பிழைப்பு.

"மாப்ள, இப்பவே கட்டுனா நம்ம வீட்டு மாட்டையே உள்ள விடுவாய்ங்களாம்" என்றான்.

கட்டிவிட்டேன். எங்கள் காளை செவலையின் போட்டோ எல்லாம் அனுப்பியாச்சு. அது செத்ததிலிருந்து அப்பா தொழுவம் பக்கமே போவதில்லை.

மே 8, வியாழன்
கேம் வந்தது. கண்றாவி.
– வாலைப் பிடித்தாலும் ஜெயிப்பு. நிஜத்தில் களத்தை விட்டே துரத்துவார்கள்.
– திமிலைப் பிடித்தால் கை அந்தப் பக்கம் வெளியே வருகிறது.
– பரிசு அண்டா அந்தரத்தில்.

எழுதி அனுப்பினேன். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி." கூடவே 'ஸ்தாபக வீரர்' என்று பட்டம். த்தூ. முருகேசன் அதை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான்.

கேம் குரூப்பில் ஒருத்தன், பாவம் சின்னக் கம்பெனி, பொறுமையாக இருங்கள் என்கிறான். ஹோட்டலில் வேகாத இட்லியை வைத்து, இன்னும் எம்புட்டு வேகணும்னு தின்னுட்டுச் சொல்லுங்கண்ணே என்றால் இவன் காசு கொடுப்பானா? கொடுப்பான். நானும்தான்.

சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு
செவலை கேமில் வந்துவிட்டது. நெற்றிச் சுழி, வளைந்த இடது கொம்பு, எல்லாம் சரி. ஆனால் வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. ஓடவே இல்லை. நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, கிட்ட வருகிறவன் எல்லாம் விழுகிறான். கைப்பழக்கம், உடனே வீடியோ எடுத்துக் கேம்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன், திட்டுவார் என்று நினைத்தபடி. போனைத் தள்ளிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நின்னு விளையாடுறான் பாரு. உசுரோட இருந்தப்பயும் ஒருத்தனையும் தொட விட்டானா?"

அது கோளாறு என்று சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி கூடுதலாக ஒரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காலி தொழுவத்தைக் கூட்டினார். எனக்குச் சந்தோஷம். பொய்யில்லை.

மே 14, புதன்
மழை. பஸ் தாமதம். மத்தியானம் கேம் தானாகவே புதுசாகிக்கொண்டது. வால் அப்படியே. அண்டா அப்படியே அந்தரத்தில். "நின்றுவிடும் காளை சரிசெய்யப்பட்டது, சுட்டிக்காட்டிய ஸ்தாபக வீரருக்கு நன்றி" என்று என் பேரைப் போட்டிருக்கிறார்கள். அத்தனை ஓட்டையில் இந்தப் பரதேசிகளுக்கு அடைக்கத் தெரிந்தது இது ஒன்றுதான். பழையபடி மாற்றிக் கொடுங்கள் என்று எழுதினேன். மேலான கருத்துக்கு நன்றியாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவே போன் கேட்டார். கண்ணாடி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். சார்ஜ் இல்லை என்றேன். போட்டுக் கொண்டுவா என்றார்.

வாசல் திறந்தது. செவலை திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே ஓட்டமாக எதிர்ப் பக்கம் போய் மறைந்தது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதே ஓட்டம்.

கண்ணாடியைக் கழற்றினார். போனை என் கையில் கொடுத்தார்.

"இது யாரு மாடுடா?"