பொது இருக்கைகளைப் பிரிக்க மறுத்த ஓலை

நலம் பெருகுக. காரி நக்கன் மகள், முகில் தங்கும் மலைநாடாகிய மேற்கூற்றத்தை ஆளும் பூதிநங்கை, ஆற்றங்கரைக் கீழ்க்கூற்றத்துத் தலைவர் எயினன் மாறனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் கழனிகள் விளைக; குடிகள் நோயின்றி வாழ்க.

தங்கள் தூதர் வந்தார். பேரரசரின் மாமன்றத்தில் நம் இரு கூற்றங்களும் சேர்ந்த செங்கழனி நாட்டுக்குள்ள மூன்று இருக்கைகளில் ஒன்றையேனும் கீழ்க்கூற்றத்துக்கெனப் பிரித்துத் தரவேண்டும் என்று தாங்கள் வேண்டியதை உரைத்தார். அவ்விருக்கைகளின் வரலாற்றைத் தாங்கள் மறந்திருக்கலாம், யான் மறந்திலேன்.

முன்னாளில் கூற்றத்துக்கு ஒன்றாக இரண்டே இருக்கைகள் இருந்தன. குடி பெருகியதால் பேரரசர் மூன்றாவதை அருளியபோது, அதற்கெனத் தனிக் கூற்றம் ஒன்றை எல்லை வகுக்கும் வரை அதற்குரியவரை நாடு முழுவதும் கூடித் தேர்க எனப் பணித்தார். அதுவே முதற் பொது இருக்கை. ஆள் மிகுதியால் தாங்கள் அதை வென்றீர்கள், யாமும் இசைந்தோம். ஆனால் அடுத்த தேர்வுக்குள் மூன்றையுமே பொதுவாக்கும் ஆணையைப் பெற்று வந்தீர்கள்; ஆள் மிகுதியால் மூன்றும் தங்களுக்கே போயின. மலையார் அனைவரும் ஒருமனதாய்த் தேர்ந்த என் தந்தை, மாமன்ற வாயிலில் தடுக்கப்பட்டார். "மலைக்கென்று இங்கே இருக்கை ஏது, பெரியவரே? நாடு முழுவதும் எண்ணியாயிற்று" என்று தாங்கள் நகைத்ததை, திரும்பி வந்த அன்று அவரே எமக்குச் சொன்னார்.

அவ்வாண்டே தங்கள் மூவரும் மன்றத்தில் கைதூக்கி, எம் ஓடையைத் தங்கள் கழனிக்குத் திருப்பினர். எம் தினை கருகியது. தம் பங்குக் கஞ்சியை என் தம்பிக்கு வார்த்துவிட்டு, என் தந்தை பசியிலேயே மாண்டார்.

பின்னர்த் தங்கள் வரிக்கொடுமை பொறாது தங்கள் உழவரே மலையேறி வந்தனர். நிலம் தந்தோம், அவர்களோடு சேர்ந்து ஏரி வெட்டினோம். இவ்வாண்டுத் தேர்வில் அவர்கள் கைகளும் எம்மோடு உயர்ந்தன. மூன்று இருக்கைகளும் எமக்கே வந்தன.

தங்கள் தூதர், "அம்மையே, ஆற்றங்கரைப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்" என்று அழுதார். எண்ணினேன். இரக்கம் வருமென்று காத்துமிருந்தேன். வரவில்லை.

ஆதலின் இருக்கைகள் பொதுவாகவே நிற்கும். எம் மூவர் இன்று தலைநகர் புறப்படுகின்றனர். அவர்கள் முதலில் கேட்பது ஓடையை. தங்கள் வாய்க்கால் மதகுகளை மழைக்கு முன் தாங்களே அடைத்துவிடுக. அன்றேல் மன்றத்தின் ஆணையோடு எம் மறவர் வந்து அடைப்பர்.

தாங்கள் அனுப்பிய பட்டும் முத்தும் பிரிக்கப்படாமலே திரும்புகின்றன. இது பூதிநங்கை தன் கையால் இலச்சினை பொறித்த சொல். இதற்கு மறுமொழி வேண்டா.