கோடு போட்ட புத்தகம்

வியாழக்கிழமை இரவு, வெள்ளவத்தை.

மருமகள் பல்கலைக்கழக நூலகத்தில் இரவல் எடுத்துவந்த புத்தகத்தில், எனக்கு வாசிக்க முடிந்த சொற்களுக்கெல்லாம் பேனையால் கோடு போட்டேன். எழுபது வயதில்தான் எழுத்துப் படித்து வாசிக்கிறேனே என்ற சந்தோசம். நாற்பது பக்கம் போட்டுவிட்டேன்.

இன்று பின்னட்டையில் ஒட்டியிருந்த விதிகளையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். புத்தகத்தில் கோடு போட்டால் இரவல் உரிமை நிறுத்தப்படுமாம்.

அப்போதுதான் மருமகள் வந்தாள். “மாமா, புத்தகத்தைத் தாங்கோ. நாளைக்குத் திருப்பிக் குடுத்தால்தான் சோதனைக்குப் படிக்க மற்றப் புத்தகங்களை எடுக்கலாம். வாசிச்சு முடிச்சிட்டியளோ, புரொபெசர்?”

“ஓம் பிள்ளை” என்றேன்.

சிரித்துக்கொண்டே, திறந்து பார்க்காமல் பைக்குள் வைத்தாள். சோதனைக்கு இன்னும் பத்து நாள்தான். அந்த நூலகத்தை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

சொல்லிவிட நினைத்து அவளுடைய அறைவாசல் வரை மூன்று தரம் போனேன். இப்போது விளக்கை அணைத்துவிட்டாள்.

அந்த விதியை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தேன். அதைக்கூட அவளிடம் சொல்ல முடியவில்லை.