பௌர்ணமிச் சாப்பாடும் உன் போன் நம்பரும்

வாசலில் ஷாமியானா மடித்துக் கிடக்கிறது. நேற்று ராத்திரியே எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மலை சுற்ற வந்த பௌர்ணமிக் கூட்டம் இன்னும் கலையவில்லை, வண்டி ஊருக்குள் வராது என்று வாடகைக் கடைக்காரன் காலையிலிருந்து ஒரே பாட்டைப் பாடுகிறான். ஈரமும் தூசியும் பழைய சாம்பார்க் கறையும் சேர்ந்த அந்த வாடை உனக்குத் தெரியாததா? அதைத் தாண்டி உள்ளே போகிறேன், மறுபடி தாண்டி வெளியே வருகிறேன். ஜெராக்ஸ் கடையைத் திறக்க மனசில்லை. "இன்னா, கால்ல சக்கரம் கட்டினு கீறியா? ஒரு எடத்துல உக்காரேன்" என்று என் வீட்டுக்காரி வனஜா கத்திவிட்டாள். உட்கார்ந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ இருந்தால் இந்நேரம் அந்தக் கடைக்காரனைப் போனிலேயே ஒரு பிடி பிடித்திருப்பாய். எனக்கு அந்தக் குரல் ஏது?

தெருச் சாப்பாடு எப்படி ஆரம்பித்தது என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது. ஒரு சித்ரா பௌர்ணமிக்குப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் தெருமுனையில் தடுப்பு வைத்தார்கள். காய்கறி வண்டி வரவில்லை, சிலிண்டர் வண்டியும் வரவில்லை. ஒரு வீட்டில் கேஸ் இருந்தால் காய் இல்லை, இன்னொரு வீட்டில் காய் இருந்தால் கேஸ் இல்லை. மலை சுற்ற வந்தவர்களுக்கு வழியெல்லாம் அன்னதானம். உள்ளூர்க்காரர்களான நமக்கு ரசத்தில் போடத் தக்காளி கிடையாது. லைன்மேன் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்த நீ நடுத்தெருவில் நின்று கத்தினாய்: "வூட்ல இன்னா கீதோ எடுத்துனு வாங்க. ஒண்ணா வெச்சு ஒண்ணா துன்னலாம்!"

அன்றைக்கு நாம் சாப்பிட்டது என்ன சாப்பாடு என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அடுத்த வருஷமும் செய்தோம், அதற்கடுத்த வருஷமும் செய்தோம். சென்னையிலிருந்து வந்த மாடிவீட்டுப் பெண் இதற்குப் பாட்லக் என்று பேர் சொன்னாள். "நல்ல சோறு கெடைக்க லக்கு எதுக்கும்மா? மூணாவது வூட்டு சரோஜாம்மா வட இருந்தா போதாது?" என்று நீ கேட்டதில் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

முதல்நாளே நீ வீடு வீடாகப் போவாய். என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாரையும் கேட்க மாட்டாய். உங்கள் வீட்டில் கூட்டு, உங்கள் வீட்டில் அப்பளம் என்று சொல்லிக்கொண்டே நடப்பாய். "கேட்டா யோசிப்பாங்கடா, சொன்னா செய்வாங்க" என்பாய். உன் வீட்டுப் பங்கு எப்போதும் அண்டா சாம்பார்தான். என்னைவிட நீ ஒரு வயது பெரியவன் என்பதால் உன் மனைவி எனக்கு அண்ணி. அந்த அண்டாவை அண்ணிதான் இறக்கி வைப்பார், அண்ணிதான் பரிமாறுவார். நீ பந்தலின் நடுவில் நின்று, "சாம்பார் எப்படி?" என்று ஒவ்வொருவராகக் கேட்பாய், ஏதோ நீ வைத்த மாதிரி.

ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். இந்த வருஷம் சாப்பாடே வேண்டாம் என்றுதான் நான் இருந்தேன். தெரு விடவில்லை. கடை வைத்திருக்கிறவனுக்கு நாலு பேரிடம் பேசத் தெரியும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கா தெரியும்? வீடு வீடாகப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு, தெரு வாட்சப் குழுவில் ஒரு வரி போட்டேன்: அவரவர் விருப்பப்பட்டதைக் கொண்டுவரலாம். உடனே பதில் வந்தது, எலுமிச்சம்பழ சாதம். அடுத்த வீடும் எலுமிச்சம்பழ சாதம். அதற்கடுத்தது லெமன் ரைஸ். அட கடவுளே, ஒரு தெரு முழுக்க மஞ்சளாகச் சாப்பிடவா ஷாமியானா போடுவது?

அது போகட்டும். சிரித்துவிட்டு விட்டிருப்பேன். மூன்றாவது வீட்டுச் சரோஜாம்மா குழுவில் குரல்பதிவு ஒன்று அனுப்பினார். "தம்பி, அந்த வூட்ட மட்டும் விட்டுடுங்க. வருஷம் திரும்பல. அவங்க கையால செஞ்சத நல்ல நாள்ல பொதுவுல வெக்கக் கூடாது. அவங்களும் வெளிய வரக் கூடாது, பாவம். ஒரு தூக்குல போட்டு வூட்டுக்கு அனுப்பிடலாம்." வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை எதற்கு என்று, "சரிங்கம்மா" என்று போட்டேன்.

பௌர்ணமிக்கு முதல்நாள் காலையில், என் "சரிங்கம்மா"வை யார் யார் பார்த்தார்கள் என்று அழுத்திப் பார்த்தேன். மற்றவர்கள் பெயருக்கு நடுவில் உன் பெயர். பக்கத்தில் காக்கிச் சட்டையில் மீசையை முறுக்கிக்கொண்டு உன் படம். நீ படித்துவிட்டாயாம்.

போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. உன் போன் அண்ணியிடம் இருக்கிறது. குழுவிலிருந்து உன் நம்பரை யாரும் எடுக்கவில்லை. எடுக்க யாருக்கு மனசு வரும்? அந்த வூடு, அந்த வூடு என்று நாங்கள் பேசியதெல்லாம் அந்த வீட்டிலேயே போய் விழுந்திருக்கிறது. ஒரு தெருவே சேர்ந்து ஒருத்தியின் காதுக்குள் இப்படிப் பேசியிருக்கிறோமே என்று நினைத்தபோது அவமானம் பிடுங்கித் தின்றது.

உன் வீட்டு கேட்டைத் தொடுவதற்கு முன் தெருவில் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. உள்ளே அண்ணி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. தூக்கு கொண்டாந்தீங்களா?"

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அண்ணி, தெரியாம பேசிட்டாங்க" என்று இழுத்தேன்.

"தெரியாம இன்னா? நல்லா கணீர்னுதான் பேசுறாங்க. திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

"எப்பவும் போல நீங்க சாம்பார் வெச்சுடுங்க அண்ணி. யாரு இன்னா சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்" என்றேன். பெரிய வீரன் மாதிரி.

"நான் சமைக்க மாட்டேன்" என்றார் அண்ணி. "இத்தினி வருஷம் அண்டா அண்டாவா சமைச்சேன், பேரு உங்க பிரெண்டுக்கு. இந்த வருஷம் அவரு வேலய நான் செய்றேன். எல்லாம் எலுமிச்சம்பழ சாதமாமே? இன்னா ஏற்பாடு பண்ணீங்க நீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் போனை வாய்க்கு அருகில் பிடித்துப் பேச ஆரம்பித்துவிட்டார். "எலுமிச்சம்பழ சாதம் ஒரு வூடு போதும், தெருக்கோடி வூடு செய்யட்டும். வனஜா, நீ சாம்பார். மாடி வூட்டுப் பொண்ணு, நீ பாயசம். ஏலக்கா கம்மியா போடு, ஜாஸ்தியானா மருந்து மாரி ஆயிடும். சரோஜாம்மா, நீங்க காராமணி வட." யாரையும் கேட்கவில்லை. சொன்னார், உன்னைப் போலவே.

பதிவு உன் பெயரில்தான் போனது. வனஜா ஈரக் கையோடு தெருவுக்கு ஓடிவந்தாள். "ஐயோ, அண்ணன் பேர்ல வாய்ஸ் வருதுங்க!" என்று அவள் அலறியது எனக்கு உன் வீட்டுக்குள்ளேயே கேட்டது. அண்ணி சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் சரோஜாம்மா கேட்டருகில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"இன்னாம்மா இது? வருஷம் திரும்பறதுக்குள்ள தெருவுக்கே ஆர்டர் போடற? எங்க வூட்டுக்காரரு போனப்ப நான் ஒரு வருஷம் வாசப்படி தாண்டல, தெரியுமா?"

"தெரியும்" என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "அப்ப யாராவது வந்து, சாப்ட்டியான்னு உங்கள ஒரு வார்த்த கேட்டாங்களாம்மா?"

சரோஜாம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேக்கல" என்றார். கம்பியை விட்டுவிட்டு, "ஒருத்தரும் கேக்கல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். வடை செய்வதாகவும் சொல்லவில்லை, செய்ய மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அப்போது பிடித்தது பதற்றம். சரோஜாம்மா வரவில்லை என்றால் அந்த வரிசை வீடுகள் ஒன்றும் வராது. ஆளில்லாத பந்தலில் அண்ணி தனியாகத்தான் நிற்பார். பேசாமல் மழை வந்து எல்லாம் நின்றுபோகக் கூடாதா என்றுகூட நினைத்தேன். சித்திரை வெயிலில் எங்கே மழை?

நேற்று சாயங்காலம் ஷாமியானா கட்டி, பாய் விரித்து, இலையெல்லாம் கழுவி வைத்தாகிவிட்டது. வனஜாவின் சாம்பார் வந்தது, பாயசம் வந்தது, கோடிவீட்டு மஞ்சள் சாதமும் வந்தது. அண்ணி வெளியே வந்து பந்தல் நடுவில், நீ நிற்கிற இடத்தில் நின்றார். எதிர் வரிசையில் ஒரு கதவும் திறக்கவில்லை. தெருமுனையில் மலை சுற்றுகிற கூட்டம் இரைந்துகொண்டிருக்க, நம் தெரு மட்டும் கப்சிப் என்று இருந்தது. அண்ணி இலைகளை நேராக்கினார். நேராக இருந்த இலைகளையே மறுபடி நேராக்கினார். நான் பந்தல் கம்புக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன்.

கடைசியில் மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. பெரிய பேசினை வாழையிலையால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு சரோஜாம்மா வந்தார். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். "காராமணி ஊறித் தொலையல. அதான் லேட்டு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அவர் பின்னாலேயே ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது.

எல்லோரும் உட்கார ஆரம்பித்ததும் அண்ணி வழக்கம்போல சாம்பார் வாளியைத் தூக்கினார். சரோஜாம்மா கரண்டியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"நீ உக்காரும்மா."

"எனக்குப் பழக்கமில்லம்மா. நான் அப்புறமா சாப்டறேன்."

"எனக்கு மட்டும் பழக்கமா? நானும்தான் உக்காரப் போறேன். வா சொல்றேன்."

இரண்டு பேரும் முதல் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். அண்ணி வடையைப் பிட்டு வாயில் வைத்து, சூடு தாங்காமல் ஊதினார். "இம்மாஞ் சூடா இருக்குமா?" என்று சரோஜாம்மாவிடம் கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் சுற்று சாம்பார் எடுத்துக்கொண்டு போனபோது என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்தினி வருஷத்துல பந்தல்ல உக்காந்து நான் சாப்டறது இதான் மொத தடவ தம்பி. எல்லாரும் துன்னு எழுந்தப்புறம், ஆறிப்போனத வூட்டுக்கு எடுத்துனு போயி துன்னுவேன். உங்க பிரெண்டு ஒரு தடவகூட உக்காருன்னு சொன்னதில்ல." கோபமாகச் சொல்லவில்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

நேற்றிலிருந்து இந்த ஒரு வார்த்தையைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இறக்கிவைக்க இடமில்லை. உன்னைத் திட்டவும் வாய் வரவில்லை, உனக்காகப் பரிந்து பேசவும் வரவில்லை. கரண்ட் போன வீட்டுக்கெல்லாம் கூப்பிடாமலே போய் நின்றவன் நீ. இந்தத் தெருவில் உன்னை நல்லவன் என்று சொல்லாத வாய் இல்லை, நானும்தான் சொல்வேன். ஆனாலும் அண்ணியை உட்காரு என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்டா.