மூவாயிரம் மூடிகளும் ஒரு சென்டிமீட்டரும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உன் அண்ணனுக்குத்தான் மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். நம் பட்டறையில் சாப்பாட்டு டப்பாவை மட்டும் செய்துகொண்டு மூடியை வெளிநாட்டில் செய்யக் கொடுத்தோம் அல்லவா, மூவாயிரம் மூடிகளும் கப்பலில் வந்து இறங்கின, ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஒரு சென்டிமீட்டர் பெரிது. போட்டுப் பார்த்தால், அப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி நிற்கிறது டப்பா. பூந்தொட்டிக்கு அடியில் வைக்க நல்லா இருக்கும் என்று அம்மா நான்கை எடுத்துப் போய்விட்டாள். மாதக் கடைசிக்குள் சரக்கு வராவிட்டால் டப்பா வாங்கும் கடைக்காரர் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம், அது போனால் பட்டறையில் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

அண்ணன் அந்தத் தொழிற்சாலையைக் கிழிகிழியென்று கிழித்து, இனி உங்கள் சகவாசமே வேண்டாம் என்று அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மாளுக்குக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு ஸ்கேல் ஞாபகம் வந்தது. என் பழைய ஸ்கேலின் முனை உடைந்திருப்பதால் நான் எப்போதும் ஒன்றிலிருந்து அளந்து, பிறகு ஒன்றைக் கழிப்பவன். இந்த முறை கழித்தேனா? குறிப்பேட்டைப் பார்த்தேன், கழிக்கவில்லை. ஏழு முறை சரிபார்த்ததாகத் தேதி வாரியாகக் கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன், ஏழு முறையும் அதே ஸ்கேலால். அவன் அறை வாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். நான்காவது தடவை அவனே, என்னப்பா நடைப்பயிற்சியா என்றான். சொல்லிவிட்டேன். தப்பை வீட்டுலயே வெச்சுக்கிட்டு அந்தம்மாவைத் திட்ட இருந்தேனேப்பா என்று சொல்லி, எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, மன்னிப்பை நீங்களே எழுதுங்க என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தான்.

எழுதினேன், நான்கு பக்கம். அந்த அம்மாள் மறுநாளே பதில் போட்டுவிட்டார். மூடி பெரிதாக இருக்கிறதே என்று அவருக்கும் அப்போதே சந்தேகமாம். அளவை அனுப்பும்போதே ஏழு முறை சரிபார்த்தது என்று இவ்வளவு பணிவாக எழுதியவரிடம் எப்படிக் கேட்பது என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டாராம். கடல் கடந்தும் என் இனத்தில் ஒருவர் இருக்கிறார், பார். புது மூடிகளை விமானத்தில் அனுப்புகிறார், மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடும். ஒரே ஒரு வேண்டுகோள், இந்த முறை தயவுசெய்து அளவு அனுப்பாதீர்கள், டப்பாவையே அனுப்புங்கள் என்கிறார். அனுப்பியாயிற்று. அண்ணன்தான் பொட்டலம் கட்டினான், என்னைக் கிட்டவே விடவில்லை.

அவன் போனில் இதைச் சொன்னால் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள், ரொம்பச் சிரிக்காதே. கண்ணாடி மாற்றக் கண் டாக்டரைப் பார்க்க மறக்காதே. இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா