போன் சேராத காரும் மாமன் மாலையும்

ஜூன் 8, ஞாயிறு

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். அவன் கார் வாங்கப் போகிறான் என்று கேள்விப்பட்டதுமே சொல்லிவிட்டேன்: "கரண்டு வண்டியா? பாத்துக்கிட்டே இருங்க, முக்கியமான ஒண்ணு குறையும்." என் பெண்டாட்டி மாலதியிடம் கேட்டால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பாள். அவளுக்கு எதுதான் ஞாபகம் இருக்கிறது?

மாரிசெல்வம் என் தங்கச்சி முத்துமாரிக்குக் கொழுந்தன். இதே பம்பாயில், செம்பூரில் வீடு வீடாகப் போய் ஏசி கழுவிக்கொண்டிருந்த பயல். இப்போது சொந்தக் கம்பெனி, கப்பல் மாதிரி ஒரு எலக்ட்ரிக் கார். உள்ளே முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடித் திரை. போனைச் சேர்த்தால் மேப், பாட்டு, வருகிற கால் எல்லாம் அதில் தெரியவேண்டுமாம். தெரியவில்லை! "அடுத்த அப்டேட்ல வரும் அத்தான், வெயிட் பண்ணணும்" என்கிறான். அதுவரைக்கும் ஏசி காற்று வருகிற ஓட்டையில் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறான். அந்தக் கப்பலுக்குள்ளே ரப்பர் பேண்டு! சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

இன்று நல்ல தூக்கம் வரும்.

ஜூன் 9

வரவில்லை. பக்கத்தில் போனால் கதவின் கைப்பிடி தானாக வெளியே வருகிறது, கை குலுக்குகிற மாதிரி. எனக்குக்கூட வந்தது. சவம்.

ஜூன் 15, ஞாயிறு

சீட்டுக்குத் தோல் கவர் தைத்துத் தரட்டுமா என்று கேட்டிருந்தேன். தாராவியில் என் தையலுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வருவான் (ஒருத்தன் வந்தான், வழி கேட்க). வேண்டாமாம், கம்பெனி சீட்டே நல்ல சீட்டாம்.

சரி என்று ஆட்டுத்தோலில் சாவிக்கு ஒரு சின்னப் பை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரம் முழுக்கக் கைத்தையல். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சூப்பரா இருக்கு அத்தான். ஆனா அப்டேட் வந்துட்டா போனே சாவி. அப்புறம் இது சும்மாதான் கிடக்கும்."

சும்மா கிடக்குமாம்!

ஜூலை 6, ஞாயிறு

இன்று எழுதவே கை வரவில்லை. முத்துமாரி போன் பண்ணினாள்.

"அண்ணே, நம்ம மாரீஸ்வரி கல்யாணத்தன்னைக்கு அவ சித்தப்பா கார்லயே மண்டபத்துக்குப் போயிருவோமா? புது வண்டி, பாக்க நல்லா இருக்கும்லா?"

நான் யார்? தாய்மாமன். பெண்ணுக்கு மாமன் மாலையைப் போட்டு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். காது குத்தினது என் மடியில். சடங்குக்குப் பச்சை ஓலை கட்டினது நான். செம்பூரில் தென்னோலைக்கு எங்கே போவது? கல்யாண் ஸ்டேஷனிலிருந்து லோக்கல் ரயிலில் லக்கேஜ் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன், மீன் கூடைக்காரிகளிடம் வசவு வாங்கிக்கொண்டு. அப்போது எங்கே போயிருந்தான் இந்தச் சித்தப்பன்? ஏசி கழுவிக்கிட்டுல்லா இருந்தான்!

உடனே செம்பூருக்குப் போய், நான் ஒரு டாக்சிக்கு ஏற்கெனவே சொல்லி வைத்தாச்சு என்றேன். (இனிமேல்தான் சொல்லவேண்டும்.) பாதி வேலை முடிந்த வண்டியில் மணப்பெண்ணை ஏற்றினால் ஆகாது, சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்றேன். எந்த சாஸ்திரம் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

மாரிசெல்வம் சிரித்தான். "சரி அத்தான், சண்டை வேண்டாம். கல்யாணத்துக்குள்ள அப்டேட் வந்துட்டா என் கார். வரலைன்னா உங்க டாக்சி. போதுமா?"

போதும். வராது. நான் ஒன்பதாவது வரை படித்தவன் (பாதி வருஷம்), எனக்குத் தெரியாதா?

ஜூலை 7

வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வரவில்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போய், வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுதல் என்று பூசாரி கேட்டார். ஊர் நன்மைக்கு என்றேன்.

ஜூலை 29

வரவில்லை. மாலதி பிடித்துக்கொண்டாள். "தினமும் அவருக்கு போன் போட்டு 'வந்துட்டா, வந்துட்டா'ன்னு கேக்கியளே, கார் வாங்கினது அவரா நீங்களா?"

பாசத்தில் கேட்கிறேன் என்றேன். தோசையைத் தட்டில் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது, நம்பவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாரீஸ்வரி பட்டறைக்கு வந்திருந்தாள், பத்திரிகை கொடுக்க. என் போனை வாங்கி என்னத்தையோ தட்டினாள்.

"என்ன புள்ள செய்யுத?"

"இனிமே நீங்க எங்க இருந்தாலும் என் மேப்லயும் சித்தப்பா மேப்லயும் தெரியும் மாமா. அன்னைக்குக் காலையில தாதர் மார்க்கெட்ல மாலை வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு டீக்கடையில கதை பேசிட்டு நின்னா மாட்டிக்கிடுவீங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கார் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு எதில் போக ஆசை? கேட்டிருக்கலாம். கேட்க பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வந்துவிட்டது.

படம் அனுப்பியிருக்கிறான். திரை நிறைய மேப். கதவு போனிலேயே திறக்கிறதாம். டாக்சிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையாரோடு இனிப் பேச்சு கிடையாது. நாளைக்குச் சதுர்த்தி, இருந்தாலும் கிடையாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி — கல்யாணம்

நல்லபடியாக முடிந்தது. முடித்து வைத்தது யார் என்பதை எழுதி வைக்கவேண்டும்.

விடியுமுன் தாதர் போய் மாலை வாங்கிக்கொண்டு மழையோடு செம்பூர் சேர்ந்தேன். கிளம்புகிற நேரம் மாரிசெல்வம் கார்ப் பக்கம் கையைக் காட்டி, "அத்தான், நீங்க முன் சீட்ல உக்காருங்க" என்றான். முன் சீட்டா? பெண் பின்னாலே, மாமன் முன்னாலே, டிரைவர் பக்கத்திலே க்ளீனர் மாதிரி? கோபமெல்லாம் படவில்லை. வழியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க, மாமன் மாலையையும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே ஒரு ஆட்டோவில் கிளம்பினேன். ஆட்டோ சயானுக்கு அந்தப் பக்கம் போகாது, மாட்டுங்கா மண்டபத்துக்குப் போலீஸ்காரன் விடமாட்டான் என்று பம்பாயில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். திட்டம் போட்டுத்தான் சயானில் இறங்கி, பாலத்துக்குக் கீழே, மாலைக்கு பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

கார் வரவில்லை. ஏன்? சித்தப்பன் போன் செத்துவிட்டது! போன்தானே சாவி? கதவு திறக்கவில்லை. பட்டுச்சேலையோடு எல்லோரும் மழையில் நிற்கிறார்கள். அப்போதுதான் மாரீஸ்வரிக்கு என் தோல் பை ஞாபகம் வந்து, உள்ளே ஓடிப்போய் அதிலிருந்த சாவியை எடுத்துவந்து திறந்தாளாம். சயானுக்கு வந்து, "மாமா, உங்க பை இல்லைன்னா இன்னைக்குக் கல்யாணமே இல்ல" என்று என்னைக் கையோடு ஏற்றிக்கொண்டாள். பின் சீட்டில். அவள் பக்கத்தில்.

மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனது நான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மறுவீட்டு விருந்து. சாவிக் கதையை மறுபடி சொன்னேன். இரண்டு நாளில் எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது, ஒவ்வொரு தடவையும் மழை கூடிக்கொண்டே போகிறது. கல்யாணத்தன்று மண்டபத்திலேயே இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் திரும்பி, "அப்படியா தம்பி?" என்று மாரிசெல்வத்திடம் கேட்டார். நான் அவசரமாக அப்பளத்தை நொறுக்கினேன்.

அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆமா அண்ணாச்சி. அத்தான் பை இல்லைன்னா அன்னைக்கு மானம் போயிருக்கும்" என்றான்.

மாரீஸ்வரி தலையைக் குனிந்து சிரித்தாள்.

கை கழுவுகிற இடத்தில் என்னிடம் மெல்லச் சொன்னான்: "அந்தப் பை போன் வைக்கப் பத்தலை அத்தான். கொஞ்சம் பெரிசா ஒண்ணு தச்சுத் தாங்க."

அளவெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்குத் தோல் வெட்டவேண்டும், இருக்கிறதிலேயே நல்ல தோல்.

கிளம்பும்போது முத்துமாரிதான் எல்லாம் சொன்னாள். வெள்ளிக்கிழமை நான் ஆட்டோவில் ஏறிப் போனதும், "மாமா வராம நான் மண்டபத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று மாரீஸ்வரி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். அவன்தான், "அழாத, உங்க மாமாவைத் திரையில போடுதேன் பாரு" என்றானாம். நான் கோபத்தில் புத்தி மழுங்கி, போகாத ஆட்டோவில் ஏறி, ஒரு டாக்சியும் நிற்காமல், கால் நனைந்து சயானில் நின்றேன். அவர்கள் நேராக என் முன்னால் வந்து நிறுத்தினார்கள்.

ஏறினதும் பார்த்தேன். அவ்வளவு பெரிய திரையில், மேப்புக்கு நடுவில், சின்ன வட்டத்துக்குள் என் மூஞ்சி. அதற்கு மேலே ஓரத்தில் அவன் போன் பேட்டரி. முக்கால்வாசி இருந்தது.

போன் சாகவில்லை. கதையில் சாகடித்தது நான்.